என் தோட்டம் ஆஸ்பத்திரி இல்லை

போன வாரம் ஒரு மெயில் வந்தது. சென்னையில் ஐ.டி. வேலை, வயசு 26. "அண்ணே, ஆறு மாசமா மனசு சரியில்லை. தூக்கம் இல்லை. யாரைப் பார்த்தாலும் எரிச்சலா வருது. உங்க பதிவுகளைப் படிக்கும்போது மட்டும்தான் கொஞ்சம் நிம்மதி. ஒரு மாசம் உங்க தோட்டத்துல வந்து தங்கிக்கலாமா? காசு தர்றேன், வேலையும் செய்யறேன்."

இந்த மாதிரி மெயில் எனக்குப் புதுசு இல்லை. ரெண்டு வருஷமா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வருது. எழுதுறவங்க எல்லாரும் இருபதுல இருந்து முப்பதுக்குள்ள. ஊர்தான் மாறும். சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர். இதுவரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதினேன். இனிமே கேட்கிறவங்களுக்கு இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போறேன்.

பதில் இதுதான்: இப்போ வராதீங்க. முதல்ல ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க.

"என்னண்ணே, எங்களைப் பைத்தியம்னு சொல்றீங்களா?"ன்னு கோபம் வரும். அந்தக் கோபத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவே.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒருத்தருக்கு "வாங்க தம்பி"ன்னு சொன்னேன். அவர் அனுமதியோடதான் இதை எழுதறேன். பேர் வேண்டாம். நல்ல சம்பளம், நல்ல வீட்டுப் பிள்ளை. வேலையை விட்டுட்டு ஒரு பையோட தொட்டியத்துல பஸ்ஸை விட்டு இறங்கினாரு. வீட்டுல "இயற்கை விவசாயம் கத்துக்கப் போறேன்"னு சொல்லிட்டு வந்திருக்காரு. எனக்கும் பெருமையாத்தான் இருந்தது. படிச்ச பையன் நம்மைத் தேடி வர்றானேன்னு.

முதல் பத்து நாள் நல்லா இருந்தாரு. விடியறதுக்குள்ள எந்திரிச்சு என்கூட மடை திறக்க வருவாரு. வாழையில பக்கக்கன்னு அறுக்கக் கத்துக்கிட்டாரு. காவிரிக்கரையில நின்னு போட்டோ எடுத்துப் போட்டாரு. நானும் என் பதிவுல எழுதிட்டேன்: வெறுங்காலோட பத்து நாள் மண்ணுல நடந்தா எந்த மன அழுத்தமும் ஓடிப்போயிடும்னு. அந்த வரியை நிறையப் பேர் எடுத்துப் பகிர்ந்தீங்க.

மூணாவது வாரம் எல்லாம் மாறிப் போச்சு. பதினோரு மணி வரைக்கும் படுத்தே இருப்பாரு. சாப்பாடு தட்டுல அப்படியே இருக்கும். குளிக்கிறது நின்னுபோச்சு. மோட்டார் ரூம் வாசல்ல உட்கார்ந்து வாய்க்காலையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. வெயிலும் வேலையும் பழக்கமில்லாத பிள்ளை, களைப்பா இருக்கும்னு நான் நினைச்சேன். என் வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க: "இது களைப்பு இல்லைங்க. சோம்பேறித்தனமும் இல்லை. அந்தப் பிள்ளை முகத்தைப் பாருங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

நான் போகலை. "கொஞ்ச நாள் பார்ப்போம்"னேன். எனக்கு என்ன கவலைன்னா, டாக்டர்கிட்டப் போனா நான் எழுதினது பொய்யாயிடுமே. ஆமாம், அவ்வளவு கேவலமான காரணம்தான்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடக் கூப்பிடப் போனேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாரு: "அண்ணே, இங்கேயே எனக்குச் சரியாகலைன்னா, இனி எங்கேயும் சரியாகாதுண்ணே."

எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. என் பதிவை நம்பி வந்த பையன். அதுலயும் சரியாகலைங்கிறப்ப, அவருக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போச்சுன்னுதானே அர்த்தம்? அன்னைக்கு ராத்திரி தோட்டத்துல இருந்த பூச்சிமருந்து எல்லாத்தையும் எடுத்து வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினேன். அவர்கிட்ட வாயைத் திறந்து, "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"ன்னு கேட்க எனக்குத் தைரியம் வரலை. கேட்டா, இல்லாத நினைப்பை நாமே கிளப்பி விட்டதாயிடுமோன்னு பயம். அன்னைக்கு ராத்திரி வாசல்ல கட்டிலைப் போட்டு, தூங்காம உட்கார்ந்திருந்தேன்.

விடிஞ்சதும் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் கேட்கப் பயந்த கேள்வியை டாக்டர் ரெண்டாவது நிமிஷமே நேராக் கேட்டாரு. தம்பி "ஆமா"ன்னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சாரு. அப்புறம் டாக்டர் எனக்குச் சொன்னாரு, அப்படிக் கேட்கறதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வந்துடாது, கேட்டா மனசுல இருக்கிறதை இறக்கி வைக்க ஒரு வழி கிடைக்கும்னு. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்க்க ரத்தம் எடுத்தாங்க. அதுல கோளாறு இருந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம். அப்பா அம்மாவை வரச் சொன்னாங்க. மாத்திரை கொடுத்தாங்க. கடைசியா என்னைப் பார்த்து, "எத்தனை நாளா இப்படி இருக்காரு? ஏன் இவ்வளவு நாள் கூட்டிட்டு வரலை?"ன்னு கேட்டாரு. என்கிட்டப் பதில் இல்லை.

இப்போ அந்தத் தம்பி வேலைக்குப் போறாரு. மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கிறாரு. போன பொங்கலுக்குக் குடும்பத்தோட வந்துட்டுப் போனாரு. நல்லபடியா முடிஞ்சது என் புத்திசாலித்தனத்தால இல்லை. அந்த வெறுங்கால் வரியை நான் இன்னைக்குத் திரும்ப வாங்கிக்கிறேன். பகிர்ந்தவங்க தயவுசெஞ்சு இதையும் பகிருங்க.

நகரத்து நண்பர்களே, இன்னொண்ணும் சொல்லணும். கிராமத்துல மன அழுத்தமே இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது? என்னை மாதிரி எழுதறவங்கதான் சொல்லியிருப்போம். தார் வெட்டப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி காத்துல முக்கால் தோட்டம் சாஞ்சு கிடக்கிறதைப் பார்த்தவன் எப்படித் தூங்குவான்னு நாங்க எழுதறதில்லை. நகை சொசைட்டியில இருக்கிறதை எழுதறதில்லை. பச்சை இலையும் பனித்துளியும்தான் போட்டோவுல நல்லா இருக்கும்.

"நம்ம தாத்தா காலத்துல டிப்ரஷன் இருந்துச்சா?"ன்னு ஒரு கேள்வி இயற்கை விவசாயக் கூட்டங்கள்ல அடிக்கடி வரும். கைதட்டலும் வாங்கும். இருந்துச்சு சார். எங்க பாட்டிக்கு ஒரு தங்கச்சி. மூணாவது பிள்ளை பிறந்த பிறகு பேச்சை நிறுத்திட்டாங்க. மாட்டுக்கொட்டகையில ஒரு மூலையில முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தாங்க. ஊரே அவங்களை "கிறுக்கச்சி"ன்னுதான் கூப்பிட்டது. அவங்களுக்கு என்ன வந்ததுன்னு கேட்க அன்னைக்கு ஆள் இல்லை. அந்தக் காலம் நல்ல காலம்னா, அது யாருக்கு?

எங்க பக்கத்து இளவட்டம் ஒருத்தர் கதையையும் சொல்றேன். ஆள் அடையாளம் தெரியாம சிலதை மாத்தியிருக்கேன். டிகிரி முடிச்சிட்டு போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பையன். திடீர் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு முட்டும், செத்துடுவோம்னு தோணும். ரெண்டு தடவை ராத்திரியில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ஈ.சி.ஜி. நல்லா இருக்கு. டாக்டர் சொன்னாரு, "இதயத்துல ஒண்ணுமில்லை, மனநல மருத்துவரைப் பாருங்க"ன்னு. பையன் எந்திரிச்சு வெளியே வந்துட்டான். "நான் என்ன லூசா?"

இந்தப் பையனுக்கு விவரம் தெரியாதுன்னு நினைக்காதீங்க. "பேனிக் அட்டாக்"ங்கிற வார்த்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். அதைப் பத்தி ரீல்ஸ் நூறு பார்த்திருக்கான். மூச்சை எப்படி நாலு எண்ணி இழுக்கணும், எப்படி விடணும்னு எல்லாம் தெரியும். போக மட்டும் மாட்டான்.

எங்க ஊர்ல இருந்து திருச்சி போற பஸ் முசிறி, குணசீலம் வழியாத்தான் போகும். குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநிலை சரியில்லாதவங்களைக் கூட்டிட்டு வந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைக்கிறது காலங்காலமா இருக்கிற வழக்கம். பஸ்ஸுல "எங்க கிளம்பிட்டீங்க?"ன்னு கேட்டா, "பிள்ளைக்கு மனசு சரியில்லைங்க, குணசீலம் போறோம்"னு சத்தமாச் சொல்வாங்க. கேட்கிறவங்களும் "எல்லாம் சரியாயிடும், போயிட்டு வாங்க"ன்னு ஆறுதல் சொல்வாங்க. அதே பஸ்ஸுல, அதே பிள்ளையை மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? "சத்திரத்துல ஒரு வேலைங்க." அதுக்கு மேல பேச மாட்டாங்க.

கோயிலுக்குப் போறதைக் குறை சொல்ல மாட்டேன். நானும் போறவன்தான். ஏர்வாடி தர்காவுல, மந்திரிக்கிறதும் மருத்துவமும் ஒண்ணா நடக்கட்டும்னு "தவா – துவா" ஏற்பாடே செஞ்சாங்க. அந்த ஏர்வாடியிலதான் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, தனியார் காப்பகம் ஒண்ணுல சங்கிலியில கட்டி வச்சிருந்தவங்க தீயில மாட்டி 28 பேர் செத்தாங்க. இன்னைக்குச் சட்டப்படி யாரையும் சங்கிலியில கட்டக் கூடாது. சாமியும் கும்பிடலாம், மாத்திரையும் சாப்பிடலாம். ஒண்ணைச் சத்தமாச் சொல்லி, இன்னொண்ணை மறைக்கிறதுதான் தப்பு.

இப்போ சென்னைத் தம்பியையும் எங்க ஊர்ப் பையனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கிராமத்தான் அறியாமையில குணசீலம் போறான்னு நீங்க சிரிப்பீங்க. நீங்க என் தோட்டத்துக்கு வர்றதும் அதே 48 நாள் கணக்குதான். கோயிலுக்குப் பதிலா வாழைத்தோப்பு, தீர்த்தத்துக்குப் பதிலா கருப்பட்டிக் காபி. ரெண்டு பேரும் மருத்துவர் வாசலைத் தவிர மீதி எல்லா வாசலுக்கும் போறீங்க.

எதனால போக மாட்டேங்கிறீங்கன்னு கேட்டா ரெண்டு பக்கமும் ஒரே பதில்கள்தான் வருது. ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

"மாத்திரை ஆரம்பிச்சா அடிமையாயிடுவோம்." மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை சாராயம் மாதிரி அடிமையாக்கிற சரக்கு இல்லை. வேலை செய்யவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும். சரியான பிறகும் குறைஞ்சது ஆறு மாசமாவது சாப்பிடச் சொல்வாங்க. நாமா திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், படபடப்பு வரலாம், அதனால டாக்டர் படிப்படியாக் குறைப்பார். தூக்க மாத்திரைகள்ல சிலது பழக்கமாயிடும், உண்மைதான். அதனாலதான் சீட்டு இல்லாம வாங்கிச் சாப்பிடக் கூடாது. எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுறதும் இல்லை, சிலருக்குப் பேச்சு மூலமா கொடுக்கிற சிகிச்சையே போதும். மாத்திரைக்குப் பயப்படுற அதே ஆள், தூக்கம் வரணும்னு தினம் ராத்திரி டாஸ்மாக் போறதை நான் பார்க்கிறேன். அதுல அடிமையாக மாட்டீங்களா?

"எங்கேயாவது பதிவாயிடும், வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது." 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கச் சொல்லுது. சிகிச்சை கிடைக்கிறதையே உரிமைன்னு சொல்லுது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் உடம்பு நோய்க்குச் செய்யற மாதிரி மனநோய்க்கும் செய்யணும்னு சொல்லுது. ஆனா கல்யாணப் பேச்சுல சட்டம் வந்து உட்காராது, அது எனக்கும் தெரியும். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு. மாமியார் கண்ணுல படாம இருக்க, மாத்திரையைக் கால்சியம் டப்பாவுல போட்டு வச்சுச் சாப்பிடுதாம். அந்தப் பொண்ணு கோழை இல்லை. மறைச்சாவது சாப்பிடுதே, அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடறேன். வெட்கப்பட வேண்டியது அந்த வீடு.

"என் பிரச்சினையை நானே பார்த்துக்குவேன்." இதைத்தான் நிறையப் பேர் சொல்றீங்க. ரஸ்தாலியில வாடல் நோய் வரும். கீழ் இலை மஞ்சளாகும். தண்ணி பத்தலைன்னு நினைச்சு நாமளே இன்னும் தண்ணி விடுவோம். அந்தத் தண்ணியோட நோய் அடுத்த மரத்துக்கும் போகும். தண்டைப் பிளந்து பார்த்தாத்தான் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். இருபது வருஷம் வாழை வச்சவனே இதுல ஏமாறுறான். உங்க மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு மொபைல்ல அஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லி நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்களா?

"காசு ஆகும், டாக்டர் பக்கத்துல இல்லை." இது ஒண்ணுதான் நியாயமான பதில். நகரத்துல ஆலோசனைக்கு ஒரு தடவைக்கே ஆயிரம், ரெண்டாயிரம் கேட்கிறாங்க. நாட்டுல லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இதுக்கு அரசாங்கத்தைத் திட்டணும், நானும் சேர்ந்து திட்டுறேன். ஆனா இருக்கிறதையாவது தெரிஞ்சுக்குங்க. மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு 1996-ல நாட்டுல நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க. அந்த நாலுல ஒண்ணு எங்க திருச்சி. ஆரம்பிச்சு ஒரு தலைமுறை ஆச்சு. இன்னைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில பார்க்கிறதுக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. அந்தச் சீட்டை வாங்க வரிசையில நின்னா யாராவது பார்த்துடுவாங்களேன்னுதான் நம்ம பையன் நிக்க மாட்டேங்கிறான்.

கணக்கையும் சொல்லிடறேன். 2015–16-ல நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்புல, பதட்டம், மனச்சோர்வு மாதிரி பிரச்சினை இருந்தவங்கள்ல நூத்துக்கு எண்பது பேருக்கு மேல எந்தச் சிகிச்சையும் எடுக்கலைன்னு தெரிஞ்சது. 2022-ல தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்குப்படி நாட்டுல தற்கொலை செஞ்சுக்கிட்டவங்க 1,70,924 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுக்க செத்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல 18-ல இருந்து 30 வயசுக்குள்ள. எனக்கு மெயில் எழுதுற வயசு.

எங்க ஊர்ல ஒரு மாடு ஒரு வேளை தீனி எடுக்கலைன்னா, மறுவேளைக்குள்ள 1962-க்குப் போன் போட்டுடுவோம். கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மாட்டுக்கு ஒண்ணுன்னா யாரும் "நீயே பார்த்துக்கோ, மனசைத் திடமா வச்சுக்கோ"ன்னு மாட்டுக்கிட்டச் சொல்றதில்லை. 14416-ன்னு ஒரு நம்பர் 2022-ல இருந்து இருக்கு. மனநல உதவிக்கு, இலவசம், எந்த நேரமும், தமிழ்லயே பேசலாம். போன மாசம் டீக்கடையில பத்துப் பேர்கிட்டக் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியலை. அந்தப் பத்துல நாலு பேர் காலேஜ் முடிச்சவங்க. உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமோ பசியோ கெட்டுக் கிடந்தா, பிடிச்ச எதுவும் பிடிக்காமப் போனா, வேலையும் படிப்பும் ஓடலைன்னா, போய்ப் பாருங்க. வாழ்றதே வேண்டாம்னு தோணினா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க. அன்னைக்கே போன் போடுங்க, பக்கத்துல இருக்கிற ஒரு ஆள்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. முதல்ல பார்த்த டாக்டர் ஒத்து வரலைன்னா இன்னொருத்தரைப் பாருங்க. பல்லுக்கு அப்படித்தானே செய்யறீங்க? தனியாப் போகக் கூச்சமா இருந்தா கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. நண்பனா இருக்கிறவங்க, "மச்சி, மோட்டிவேஷன் வீடியோ பாரு"ன்னு லிங்க் அனுப்பறதை விட்டுட்டு, ஒரு நாள் லீவு போட்டு அவன் கூட ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்காருங்க.

எங்க ஊர்ப் பையன் இன்னும் போகலை. "பரீட்சை முடியட்டும்"ங்கிறான். அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லியிருக்கேன். நான் கூட வர்றேன், பஸ்ஸுல யாராவது எங்கேன்னு கேட்டா, "எனக்குத்தான் மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போறேன், துணைக்கு இவன் வர்றான்"னு நானே சொல்லிக்கிறேன்னு. சிரிச்சான். சிரிச்சதே எனக்குப் பாதி சம்மதம்.

சென்னைத் தம்பி, உனக்கும் இதுதான். எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. காசு வேண்டாம். முதல்ல டாக்டரைப் பாரு. அவர் "போயிட்டு வா"ன்னு சொன்னா, வீட்டுல உண்மையைச் சொல்லிட்டு, மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கிட்டு வா. மண்ணுல நடக்கலாம், ஆத்துல குளிக்கலாம், நல்லாச் சாப்பிடலாம். ராத்திரி மாத்திரை போட்டியான்னு என் வீட்டுக்காரம்மா கேட்பாங்க. அவங்க கேட்டா தப்பிக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்.